மனோன்மணீயம் ஒலிநூல்: இரண்டு அறைகளில் உடைந்த ஓர் அடி

மனோன்மணீயம் நாடகத்தின் முதல் களத்தை (காட்சியை) ஒட்டி முடித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜீவகன் கேட்கிறான், குடிலன் விடை சொல்கிறான். ஒரு சொல்லும் பிசகவில்லை. உச்சரிப்பு சுத்தம். இரைச்சலும் பெரிதாக இல்லை. ஆனாலும் அரசனும் அமைச்சனும் ஒரே மண்டபத்தில் நிற்பதாகத் தோன்றவில்லை. ரயில் நிலையத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் மாறி மாறி வண்டி எண்ணை அறிவிப்பது போல இருந்தது. ஏழு வாரம் பாடுபட்டுச் சேர்த்த ஒலி அது.

அந்தக் களத்தை அதன் பிறகு மூன்று முறை பிரித்து மேய்ந்தோம். முழு நாடகமும் முடிய எட்டு மாதம் ஆயிற்று. ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. எது எங்கே உடைந்தது, எதை வைத்து ஒட்டினோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் பதினொரு பேர். ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவர் ஒருவருமில்லை. ஆளுக்கொரு ஊர், நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. பாத்திரப் பெயரிலேயே ஒருவரையொருவர் கூப்பிடும் பழக்கம் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிட்டது. குழுவில் மூத்தவர் குடிலன், எழுபதைத் தொட்டவர். சதிகார அமைச்சனை ‘குடிலன் ஐயா’ என்று மரியாதையோடு அழைத்த நாடகக் குழு வேறு இருக்குமா என்று தெரியவில்லை. நான் பாத்திரம் எதையும் ஏற்கவில்லை. மேடைக் குறிப்புகளை வாசிப்பதும், வந்த கோப்புகளை வெட்டி ஒட்டுவதும் என் பங்கு.

பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தை எடுத்துக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று சட்டம். நூல் 1891இல் வெளிவந்தது. ஆசிரியர் 1897இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் உரிமை முடிந்துவிடும். ஆனால் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் எழுதிய குறிப்புரையும் விளக்கமும் அப்படியல்ல. அவை அவரவர் உழைப்பு. எனவே பழைய பதிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு மூலத்தை மட்டும் தட்டச்சு செய்தோம். இரண்டாவது காரணம் என் சொந்தக் கருத்து. இந்த நாடகத்தை நடிப்பதற்கென்று எழுதியதைவிடப் படிப்பதற்கென்று எழுதியது என்றே பலரும் சொல்வார்கள். ஐந்து அங்கம், இருபது களம், பக்கக்கணக்கில் நீளும் தனிமொழிகள். மேடையில் பார்வையாளர் நெளியத் தொடங்கும் அந்த இடங்கள்தாம் காதுக்கு விருந்து. கண்ணை மூடிக்கொண்டால் குடிலனின் மனத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடலாம்.

முதலில், எல்லோரும் ஒரே இணைய அழைப்பில் கூடி நாடகத்தை நேராகப் படித்து அதையே பதிவு செய்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். அந்த நினைப்பு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் நீடிக்கவில்லை. அழைப்புச் செயலிகளுக்கு அலுவலகக் கூட்டம் தெரியும், நாடகம் தெரியாது. இருவர் ஒரே சமயத்தில் வாய் திறந்தால் ஒருவர் குரலை அமுக்கிவிடுகின்றன. குரலைத் தாழ்த்தினால் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுகின்றன. குடிலன் ஐயா தனக்குள் முணுமுணுத்த இடங்களில் பாதி காணாமலே போயின.

உரிமைக்காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு 2005 முதல் ஒலிவடிவமாக்கி வரும் லிப்ரிவாக்ஸில் நாடகங்களுக்கு வேறொரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் வரிகளை மட்டும் தனியே படித்து அனுப்புவார்கள். ஒருவர் அவற்றைக் கோத்துக் களமாக்குவார். அந்த வழியைப் பிடித்துக்கொண்டோம். தொடக்கத்தில் சொன்ன ரயில் நிலையம் அதன் முதல் விளைச்சல்.

கெழில் என்றால் என்ன?

மைக்குக்கு முன் ஏடு. நாடகத்தின் பெரும்பகுதி ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர். அச்சில் சீர் பிரித்திருக்குமே தவிரச் சொல் பிரித்திருக்காது. இதனால் வரும் வம்பை எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தை வைத்தே சொல்லலாம். தமிழ்த்தாய் வாழ்த்தாக நாம் பாடும் ‘நீராருங் கடலுடுத்த’ இந்த நாடகத்தின் தொடக்கத்தில் வரும் வாழ்த்துத்தான். அதன் முதலடி ‘நிலமடந்தைக் கெழிலொழுகும்’ என்று முடியும். கெழில் என்று ஒரு சொல் கிடையாது. நிலமடந்தைக்கு எழில் ஒழுகும் என்பதுதான் அது. எங்கள் குழுவிலேயே நான்கு பேர், பள்ளிக்காலம் முழுவதும் கெழில் என்றால் ஏதோ ஓர் அணிகலன் என்று எண்ணிப் பாடியதாக ஒப்புக்கொண்டார்கள். வாய்க்குப் பழகிய பாட்டிலேயே இப்படி என்றால், கேட்டறியாத ஆயிரக்கணக்கான அடிகளில் எப்படி இருக்கும்?

எனவே முழு நாடகத்தையும் சொல் பிரித்து எழுதி, மூச்சு விடும் இடங்களில் சாய்கோடு போட்டு ஒரு படிப்புப் பிரதி தயாரித்தேன். மூன்று வாரம் பிடித்தது. பெருமையாக இருந்தது. வந்த பதிவுகளைக் கேட்டதும் பெருமை இறங்கிவிட்டது. பொருள் பளிச்சென்று புரிந்தது. ஆனால் பா செத்துவிட்டது. எல்லோரும் செய்தி வாசிப்பது போல உரைநடையாகப் படித்திருந்தார்கள். புணர்ந்திருந்த சொற்களை நான் பிரித்த இடமெல்லாம் குரலிலும் ஒரு வெட்டு விழுந்திருந்தது. ஆசிரியப்பாவுக்கே உரிய அகவலோசையைக் கொன்றது நான்தான்.

இரண்டாம் பிரதியில் மூலத்தை அச்சிலிருந்தபடியே பெரிய எழுத்தில் வைத்தேன். பிரித்த வடிவம் அதன் கீழே சிறிய எழுத்தில். கீழ்வரியைப் பார்த்துப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மைக்கை இயக்கியபின் மேல்வரியை மட்டும் பாருங்கள் என்பது விதி. இதுதான் நாங்கள் செய்தவற்றிலேயே அதிகப் பலன் தந்த வேலை. இதற்குச் செலவு காகிதம் மட்டுமே.

ஆசிரியப்பாவுக்கு இன்னொரு குணம் உண்டு. அது ஏகாரத்தில் முடிய விரும்பும். நீண்ட பேச்சு ஒன்று ‘ஏ’ என்று முடிந்தால், படிப்பவர் யாராக இருந்தாலும் அந்த ‘ஏ’யைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். மனப்பாடச் செய்யுள் ஒப்பித்த வகுப்பறை நம்மை விட்டு எளிதில் போவதில்லை. கடைசி ஏகாரத்துக்கு அரை மாத்திரைதான் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். இலக்கணப்படி அது தவறு. ஏகாரம் நெடில், அதற்கு இரண்டு மாத்திரை. ஆனால் அரை என்று கேட்டால்தான் இரண்டு கிடைத்தது.

வாழ்த்தைப் படிக்க வந்தவர் எங்கள் வாணி, அதாவது மனோன்மணியின் தோழியாகப் படித்தவர். பாடக் கூடாது, படிக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். நாடகத்தின் உரிமை முடிந்துவிட்டது. ஆனால் மோகன ராகத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் அமைத்த மெட்டு வேறொருவர் ஆக்கம். இதை வாணிக்குச் சொல்வது எளிதாக இருந்தது. அவருடைய தொண்டைக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் இரண்டாம் அடிக்குள் மெட்டு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் அடிகளைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னேன்: ஈற்றடி முதலில், அதற்கு முந்தியது அடுத்து, இப்படியே மேல்நோக்கி. மெட்டு வழி தெரியாமல் நின்றுவிட்டது. பிறகு நான் வரிசையாக ஒட்டிக்கொண்டேன். அரசு விழாக்களில் பாடுவது நூலிலுள்ள வாழ்த்தின் ஒரு பகுதிதான். நாங்கள் மூலத்தில் இருப்பதை இருக்கிறபடி முழுவதும் சேர்த்தோம்.

வாணியின் காதலன் நடராசனாகப் படித்தவருக்கு வேறு சிக்கல். அவன் மண்ணில் நெளியும் நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து உருகிப் பேசும் இடம் ஒன்று உண்டு. நாங்கூழ் என்றால் மண்புழு. மண்புழுக்கள் நிலத்தைப் பண்படுத்துவதைப் பற்றி டார்வின் நூல் எழுதியது 1881இல். பத்தே ஆண்டில் இங்கே ஒரு நாடகப் பாத்திரம் அதே புழுவை உழவரின் தோழனாகப் பார்க்கிறது என்பதை நடராசனிடம் சொன்னேன். வியந்துபோனார். வியப்போடு நாங்கூள் என்று படித்து அனுப்பினார். மறுமுறை நாங்கூல். ஐந்தாம் முறை ழகரம் வந்தது. ஆனால் உருக்கம் போய்விட்டது. இரண்டாம் முறையின் உருக்கத்தில் ஐந்தாம் முறையின் ஒற்றைச் சொல்லைப் பொருத்தினேன். இன்று கேட்டால் அந்த ஒட்டு எனக்கு மட்டும் தெரிகிறது.

அறை

ஒலிப்பதிவுக்கு நல்ல மைக் வேண்டும் என்று தொடங்கியவர்கள் நாங்கள். பாதி வழியில் நல்ல அறை வேண்டும் என்று திருத்திக்கொண்டோம். குடிலனின் மகன் பலதேவனாகப் படித்தவரிடம் எங்கள் குழுவிலேயே விலை கூடிய மைக் இருந்தது. வெறும் சுவர்களும் ஓடு பதித்த தரையும் கொண்ட அறையில் அதை வைத்துப் படித்தார். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல இருந்தது. இரைச்சலையாவது கொஞ்சம் குறைத்துவிடலாம்; எதிரொலி குரலோடு கலந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மனோன்மணி தம் சாதாரண மைக்கைத் துணி நிறைந்த அலமாரிக்குள் வைத்து, முதுகுக்குப் பின்னால் கம்பளியைத் தொங்கவிட்டுப் படித்தார். அந்தப் பதிவைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாக அனுப்பினேன்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் ப, பகரமெய் வரும் இடமெல்லாம் காற்று மோதி ‘டொப்’ என்று வெடிக்கும். குடிலன் ஐயாவின் தனிமொழிகளுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தினேன். ஒருபக்கமாகக் கேட்கும் வகை மைக்கை நெருங்கினால் குரலின் கனம் கூடும். அடித்தொனி தானாகவே தடிக்கும். இதைக் குறை என்று பாடம் சொல்வார்கள். சதி நினைக்கிறவனுக்கு அது குறையல்ல. சபையில் பேசும்போது ஒரு சாண், தனக்குள் பேசும்போது நான்கு விரற்கடை என்று அவருக்குக் கணக்குக் கொடுத்தேன். வேறு எந்த ஒலி ஜாலமும் செய்யாமலே, அவன் மனத்துக்குள் நுழைந்தோமா மன்றத்தில் நிற்கிறோமா என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முப்பது நொடி எதுவும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதிந்து அனுப்பச் சொன்னோம். அது எதற்கு என்று முதலில் யாரும் நம்பவில்லை. ஒருவர் முப்பது நொடியும் ‘இப்போது அமைதி, இப்போது அமைதி’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிழை நேர்ந்தால் நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த அடியை மறுபடி படிக்க வேண்டும் என்பது இன்னொரு ஏற்பாடு. அலைவடிவத்தில் கைதட்டல் ஊசி போல நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரப் பதிவில் பிழைகளைத் தேட வேண்டியதில்லை. ஊசிகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டே போகலாம்.

இரைச்சல் நீக்கும் வசதி, நாங்கள் வெட்டி ஒட்டப் பயன்படுத்திய ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இருக்கிறது. அறையின் அமைதியை மாதிரியாகக் காட்டினால் அதைப் போன்றதைக் குரலிலிருந்து கழித்துவிடும். புதிதாகக் கத்தி கிடைத்தவன் போல முதலில் 18 டெசிபல் வரை வெட்டினேன். மின்விசிறி போயிற்று, அதோடு குரலின் உயிரும் போய், சொற்களின் விளிம்பில் தண்ணீர்க் குமிழி கொப்பளிப்பது போன்ற உலோகச் சத்தம் வந்தது. இப்போது 6 டெசிபலுக்கு மேல் போவதில்லை. மிச்சத்துக்கு மின்விசிறியை நிறுத்தச் சொல்வதுதான் வழி.

ஒரே பெயர், இரண்டு பெயர்

இது சிறிய விஷயம்தான். ஆனால் இரண்டு இரவைத் தின்றது. அங்க எண், கள எண், பாத்திரப் பெயர் என்று கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தோம். களவாரியாக அவற்றை அடுக்க ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். மனோன்மணியின் கோப்புகள் மட்டும் காணவில்லை என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. கோப்புறையைத் திறந்தால் கண்ணெதிரே இருக்கின்றன. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், வேறுபாடே இல்லை.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘னோ’ என்பதன் உயிர்க்குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. முன்னால் வரும் இரட்டைச் சுழிக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலத் தெரியும். அவருடைய கணினி பிரித்து வைத்திருந்தது. என்னுடையது சேர்த்து வைத்திருந்தது. ஜீவகன், குடிலன், வாணி என்று கொம்பும் காலும் சேர்ந்து வராத பெயர்களெல்லாம் தப்பிவிட்டன. மனோன்மணியும் புருடோத்தமனும் மாட்டிக்கொண்டார்கள். நாடகத்தின்படி கனவில் கண்டே காதல் கொள்ளும் இருவர், என் கணினியிலும் சேர்ந்தே தொலைந்தார்கள். நிரலில் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒற்றை வரியைச் சேர்த்ததும் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

புருடோத்தமன் அதன்பிறகு வேறு விதமாகத் தொலைந்தார். பாதி வரிகளைப் படித்து அனுப்பியவருக்கு வேலைப்பளு, பதில் நின்றுவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊதியமில்லாத வேலையில் இப்படி நடக்கும். சேர மன்னனான அந்தப் பாத்திரத்தை முதலிலிருந்து புதிதாக வேறொருவர் படித்தார். ஒரு பாத்திரத்தின் பாதியை ஒரு குரலிலும் மீதியை இன்னொரு குரலிலும் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஒட்டுவேலை

இனி அந்த ரயில் நிலையத்துக்கு வருகிறேன். ஆசிரியப்பாவில் நாடகம் எழுதும்போது ஓர் அடியை ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பார். ஒருவர் இரண்டு சீர் சொல்ல, எஞ்சிய இரண்டு சீரை எதிரில் நிற்பவர் சொல்வார். அச்சில் இரண்டாம் பாதி சற்று உள்தள்ளி நிற்கும். ஓசையைப் பொறுத்தவரை அது ஒரே அடி. எங்கள் விஷயத்தில் அந்த ஒரே அடி இரண்டு ஊர்களில், இரண்டு அறைகளில், இரண்டு வார இடைவெளியில் பதிவாகியிருந்தது.

முதல் முறை ஒட்டும்போது பேச்சுக்கும் பேச்சுக்கும் இடையே ஒரே அளவாக 0.6 நொடி விட்டேன். ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது, அதுதான் பிழை. மனிதர்கள் ஒரே அளவு இடைவெளி விட்டுப் பேசுவதில்லை. அரையடிகள் வரும் இடங்களில் 0.6 நொடி என்பது ஒரு யுகம். அடி இரண்டாக முறிந்து விழுந்தது. இரண்டாம் முறை 0.15 ஆகக் குறைத்தேன். அடி ஒட்டிக்கொண்டது, ஆனால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்வது போல ஆகிவிட்டது. இடைவெளியைக் கூட்டினேன், குறைத்தேன். எண்களோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன்.

பிழை எண்ணில் இல்லை என்பது தற்செயலாகத் தெரிந்தது. வெட்டும்போது, பேச்சு தொடங்குமுன் வரும் மூச்சிழுப்பை எல்லா இடத்திலும் நீக்கிக்கொண்டிருந்தேன். சுத்தம் என்று எண்ணிச் செய்தது. ஓரிடத்தில் கை தவறி, குடிலன் மூச்சிழுக்கும் ஒலி விட்டுப்போயிற்று. அதுவும் ஜீவகன் பேசி முடிக்கும் கடைசிச் சீரின் அடியில் போய் விழுந்திருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் அமைச்சன், மன்னன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வாய் திறந்தான். அறிவிப்பு, உரையாடலாகிவிட்டது.

விடை என்பது முதல் எழுத்தில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய மூச்சில் தொடங்குகிறது. எதிராளி முடிக்குமுன்பே நாம் மூச்சை இழுத்துக்கொண்டு தயாராகிவிடுகிறோம். வெட்டி எறிந்த மூச்சுகளையெல்லாம் மூலக் கோப்புகளிலிருந்து மீட்டு வந்தேன். ஒவ்வொன்றையும் முந்தியவரின் கடைசிச் சொல்லுக்குக் கீழே, வேறு தடத்தில், சற்றுத் தாழ்ந்த ஒலியில் வைத்தேன். சினத்தோடு வரும் விடைக்கு மூச்சு குறுகி முன்னாலேயே விழும். தயங்கி வரும் விடைக்கு மூச்சு தனியாக நின்று, பிறகு சொல் வரும். மூச்சுக்கு இடம் கிடைத்ததும் இடைவெளி எவ்வளவு என்ற கேள்வி தானே தீர்ந்தது. கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஆனால் மூச்சால் தீராத ஒன்றும் இருந்தது. தனியறையில் தன் வரியை மட்டும் படிப்பவருக்கு, எதிராளி எந்தச் சுருதியில் விட்டார் என்று தெரியாது. ஜீவகன் கோபத்தின் உச்சியில் நிறுத்தியிருப்பார். நாராயணன் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் போலத் தொடங்கியிருப்பார். இதற்கு இரண்டு வழிகள் கண்டோம். இருவர் மட்டும் பேசும் களங்களில், இருவரும் தொலைபேசியில் ஹெட்போன் வழியாகப் பேசிக்கொண்டே நடிக்க வேண்டும். ஆனால் அவரவர் குரலை அவரவர் கணினியிலேயே பதிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து ஒரு கைதட்டு. அந்த இரண்டு ஊசிகளை நேர்கோட்டில் வைத்தால் மீதி தானாகப் பொருந்தும். தொலைபேசியின் கரகரப்பு பதிவில் வராது. எதிராளியின் சூடு மட்டும் வரும். கன்னிமாடத்தில் மனோன்மணியும் வாணியும் பேசும் காட்சியை இப்படித்தான் எடுத்தோம். அதில் நான் வெட்டியது மிகக் குறைவு. ஓரிடத்தில் வாணி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஏட்டில் சிரிப்பு இல்லை, விட்டுவைத்தேன்.

ஆள் கூடிய களங்களுக்கு அது சரிவராது. அவற்றுக்கு நானே எல்லாப் பாத்திரங்களையும் படித்து ஒரு வழிகாட்டித் தடம் செய்து அனுப்பினேன். அதைக் காதில் கேட்டுக்கொண்டே தம் இடம் வரும்போது பேச வேண்டும். என் நடிப்பு கேவலமாக இருந்தது. அதில் ஒரு நன்மை: என்னைவிட நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ரோஷம் வந்தது.

ஒலியளவில் ஒரு தவறு செய்தேன். அதைப் பலரும் செய்வார்கள் என்று நினைக்கிறேன். வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரே ஒலியளவுக்கு உயர்த்தினேன். குடிலனின் கிசுகிசுப்பும் ஜீவகனின் கர்ச்சனையும் ஒரே உயரத்துக்கு வந்து நின்றன. நாடகம் முழுவதும் ஒரே மட்டமாக, தட்டையாக ஆகிவிட்டது. துண்டுக்குத் துண்டு சமன்செய்யக் கூடாது. ஆளுக்கு ஆள் சமன்செய்ய வேண்டும். ஒருவர் ஒரு களத்துக்கு அனுப்பிய முழுப்பதிவையும் மொத்தமாக உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்துவிட்டு, பிறகுதான் வெட்ட வேண்டும். அப்போது அவருடைய கிசுகிசுப்பு அவருடைய கத்தலைவிடத் தாழ்ந்தே இருக்கும். எல்லாம் கோத்த பிறகு களம் முழுவதற்கும் அடியில் மனோன்மணியின் அலமாரி அமைதியை மெல்லிய விரிப்பாகப் பரப்பினேன். வெட்டுக்கு வெட்டு அறை மாறுவது அதில் மறைந்துபோகிறது. அந்த முப்பது நொடி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

வெளியிட்ட வடிவம் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், 128 கிலோபிட் எம்.பி.3. குரலுக்கு இது போதும். மூலப் பதிவுகளை அழுத்தாத வேவ் கோப்புகளாகத் தனியே வைத்திருக்கிறோம்.

மெய்ப்புக் கேட்டவர்

அச்சுக்கு மெய்ப்புப் பார்ப்பவர் போல, ஒலிக்கு மெய்ப்புக் கேட்பவர் ஒருவர் வேண்டும். ஒட்டியவர் காது அதற்கு உதவாது. அது கேட்க விரும்புவதைக் கேட்கும். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கையில் நூல், பக்கத்தில் கடிகாரம். நிமிடம், நொடி குறித்து, முதல் அங்கத்துக்கு மட்டும் அறுபத்து மூன்று திருத்தங்கள் அனுப்பினார். பாதி லகர ளகரம். விட்டுப்போன அடிகள் ஏழு. ஓரிடத்தில் ‘பக்கம் புரட்டுகிறார், மன்னர்’ என்று குறித்திருந்தார். இன்னோரிடத்தில் திருத்தமே இல்லை. ‘இங்கே எனக்கு அழுகை வந்தது, மாற்ற வேண்டாம்’ என்று மட்டும் இருந்தது.

ஐந்தாம் அங்கத்தில் அவர் கடைசியாகக் குறித்தது ஒரு பல்லி. குடிலன் மன்னனிடம் தன் விசுவாசத்தை அளந்துகொட்டும் ஓரிடத்தில், பேச்சு முடிந்ததும் குடிலன் ஐயாவின் சுவரில் ஒரு பல்லி துல்லியமாக மூன்று முறை கத்தியிருக்கிறது. நான் பலமுறை கேட்டும் கவனிக்கவில்லை. ‘பல்லி சொன்னால் சொன்னது மெய் என்று ஆகிவிடும். இவன் சொல்வதோ பச்சைப் பொய். எடுத்துவிடுங்கள்’ என்று எழுதியிருந்தார்.

குடிலன் ஐயாவைக் கேட்டேன். மறுபடி படித்துத் தர மறுத்துவிட்டார். அந்த அளவு நடிப்பு இனி வராது என்றார். எனவே ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் நிறமாலைப் பார்வையில் அந்த மூன்று கத்தல்களையும் மூன்று சிறு செங்குத்துக் கீற்றுகளாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். மூன்றாவது, குடிலன் ஐயாவின் மூச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சை விட்டுவிட்டுப் பல்லியை மட்டும் எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

எடுத்த பல்லியைத் தூக்கிப்போட மனமில்லை. இப்போது அது மூன்றாம் அங்கத்தில், நடராசன் நாங்கூழோடு பேசி முடித்த பின் கத்துகிறது.